ஸ்கேன் அறிக்கை தெருவுக்கு வந்துவிட்டது, இனி என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மனைவிக்கு இது இரண்டாவது கர்ப்பம், மூத்தது நான்கு வயது மகள். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் முதுகுத்தண்டு கீழ்ப்பகுதியில் மூடாமல் இருப்பதாகவும், தலைக்குள் நீர் கோத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு 21 வாரம் 2 நாள். உங்கள் அம்மா பயத்தில் அந்த அறிக்கையைப் பக்கத்து வீட்டில் காட்டப்போக, யாரோ படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். டீக்கடையில் ‘ரெண்டாவதும் பொண்ணுன்னு தெரிஞ்சு கலைக்கப் பாக்குறாங்க’ என்கிறார்கள். கோயில் வாசலில் ‘அம்பாள் கொடுத்ததை வேண்டாம்னா குடும்பம் விளங்குமா’ என்கிறார்கள். உங்கள் சித்தப்பாவோ ‘ஊனமான பிள்ளையைப் பெத்து என்ன பண்ணப் போறே’ என்று நெருக்குகிறார். கலைப்பது சட்டப்படி சரியா, போலீஸ் வருமா, ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறீர்கள்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் தம்பி, உங்கள் கேள்வியை நான் நான்கு முறை படித்தேன். அம்மா சொன்னது இருக்கிறது, சித்தப்பா சொன்னது இருக்கிறது, டீக்கடைக்காரர் சொன்னதுகூட இருக்கிறது. உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் டெல்டாவின் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதிரி அறிக்கையோடு வரும் குடும்பங்களில் பத்துப் பேர் பேசுவார்கள், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, ‘உனக்கு என்னம்மா தோணுது’ என்று கேட்பேன். பல பேருக்கு அதுதான் அந்த வாரத்தில் யாராவது அவர்களைக் கேட்ட முதல் கேள்வியாக இருந்தது. சிலர் பதிலே சொல்லாமல் கால் மணி நேரம் அழுவார்கள். அந்தக் கால் மணி நேரத்தை அவருக்குக் கொடுங்கள். சட்டமும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

அந்த அறிக்கையில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதைப் பார்ப்போம். கரு உருவாகி நான்கு வாரத்துக்குள், பெரும்பாலும் தாய்க்கே நாள் தள்ளிப்போனது சரியாகப் பிடிபடும் முன்பே, முதுகுத்தண்டும் மூளையும் ஆகப்போகிற குழாய் மூடிக்கொள்ள வேண்டும். கீழ்ப்பக்கம் மூடாமல் நின்றால், உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கும் இந்த முதுகுப் பிளவு வருகிறது. மேல்பக்கம் மூடாமல் போனால் மண்டை ஓடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாது. அப்படிப்பட்ட குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும், அல்லது பிறந்து சில மணி நேரமோ சில நாளோதான் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்கள் விஷயம் அது இல்லை. கீழ் முதுகில் பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் இன்றைய சிகிச்சையில் பிழைக்கிறார்கள். எப்படி வாழ்வார்கள் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பிளவு எந்த எலும்பில் தொடங்குகிறது என்பதுதான் பெரிய விஷயம். இடுப்புக்கு மேலே என்றால் கால்கள் செயலிழக்கும் வாய்ப்பு அதிகம். கீழே வால் எலும்புக்குப் பக்கத்தில் என்றால், காலில் கருவி மாட்டியோ மாட்டாமலோ நடக்கும் குழந்தைகள் உண்டு. சிறுநீரும் மலமும் தன் கட்டுப்பாட்டில் போகாதது ஏறக்குறைய எல்லோருக்கும் ஓரளவு இருக்கும். வெளியில் தெரிவது கால்தான், ஆனால் தாய்மாரை வருடக்கணக்கில் அலையவைப்பது இதுதான். தலையில் கோத்த நீரை வயிற்றுக்கு வடிய விட ஷண்ட் என்ற மெல்லிய குழாயைப் பல குழந்தைகளுக்கு வைக்க வேண்டிவரும். அது அடைத்துக்கொண்டால் மறுபடியும் ஆபரேஷன். அறிவு வளர்ச்சி பல குழந்தைகளுக்கு இயல்பாகவே இருக்கிறது, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கூடவே குரோமோசோம் கோளாறும் இருந்தால் நிலைமை வேறு. ஆகவே அனுபவமுள்ள வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது ஸ்கேன் கட்டாயம். பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். அதன் அவசர முடிவு சில நாளில் வந்துவிடும், முழு முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்களிடம் இருக்கும் நாளை வைத்துத்தான் எதைச் செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ‘இந்தக் குழந்தை நடக்குமா’ என்று நீங்கள் கேட்டால், வயிற்றுக்குள் இருக்கும்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் வேலையின் ஆரம்ப வருடங்களில் ஒரு தாயிடம் ‘பிறந்தாலும் தங்காதம்மா’ என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் கலைக்க மறுத்துப் பெற்றார். குழந்தை தங்கியது, பள்ளிக்கும் போனது. அவர் எடுத்த முடிவு சரி, கலைக்கும் மற்றவர்கள் தவறு என்று காட்ட இதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகத் தெரிந்த மாதிரி அன்றைக்குப் பேசினேன். அதற்குப் பிறகு எந்தக் குடும்பத்திடமும் அப்படிப் பேசியதில்லை. உங்கள் மருத்துவர் ‘சொல்ல முடியவில்லை’ என்றால் அவரைத் திறமையில்லாதவர் என்று நினைக்காதீர்கள்.

சட்டத்துக்கு வருவோம். கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்தது, 2021இல் பெரிய திருத்தம் நடந்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20இலிருந்து 24 வாரத்துக்குள் இரண்டு மருத்துவர்கள் ஒத்துச் சொல்ல வேண்டும், அதுவும் விதிகளில் சொல்லப்பட்ட சில நிலைமைகளுக்கு மட்டும். பிறந்தால் கடுமையான உடல் குறையோ மனவளர்ச்சிக் குறையோ வரக்கூடிய அளவுக்குக் கருவில் கோளாறு இருப்பது அவற்றில் ஒன்று. 24 வாரம் தாண்டினால், கணிசமான கோளாறு என்று மருத்துவ வாரியம் ஒப்புக்கொண்டால் மட்டுமே முடியும். அதில் மகப்பேறு மருத்துவர், குழந்தைநல மருத்துவர், ஸ்கேன் நிபுணர் எல்லோரும் இருப்பார்கள். விண்ணப்பம் போன 3 நாளில் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் 5 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் வாரக் கணக்கே பார்ப்பதில்லை. உங்களுக்கு 24 வாரம் முடிய இன்னும் 19 நாள் இருக்கிறது. யோசிக்க நேரம் உண்டு, தள்ளிப்போட நேரம் இல்லை.

யார் கையெழுத்துப் போட வேண்டும்? 18 வயது நிறைந்த, மனநிலை தெளிவாக உள்ள பெண் என்றால் அவர் ஒருவர் மட்டும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை, மாமியார் மாமனாரைப் பற்றிப் பேச்சே இல்லை. நடைமுறையில் பல இடங்களில் கணவரிடமும் வாங்குகிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: குடும்பத்தார் சம்மதம், நீதிமன்ற உத்தரவு என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக்கூடாது. அதே மாதிரி, உங்கள் மனைவி பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், கலைக்கச் சொல்லி நீங்களோ சித்தப்பாவோ வற்புறுத்தவும் முடியாது. அவர் சம்மதம் இல்லாமல் செய்தால் அது கடுமையான குற்றம். சித்தப்பாவிடம் இதை நேராகவே சொல்லிவிடுங்கள்.

ஊர் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2008இல் மும்பையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கருவின் இதயத்தில் கோளாறு என்று ஒரு தம்பதிக்குத் தெரிந்தபோது அன்றைய சட்டத்தின் எல்லையான 20 வாரம் தாண்டிவிட்டது. உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், அனுமதி கிடைக்கவில்லை. அந்தச் சில நாளில் நாடு முழுக்கத் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் அந்தப் பெண் செய்வது சரியா தவறா என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். குழந்தையை நாங்கள் வளர்க்கிறோம் என்று சிலர் முன்வந்தார்கள், கொலை என்று சிலர் சொன்னார்கள். கொஞ்ச நாளில் கரு தானாகவே கலைந்துபோனது. அப்போது நான் வார்டில் இருந்தேன். எங்கள் செவிலியர்கள்கூட இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லை 24 ஆனதற்கு அந்த மாதிரி வழக்குகளும் ஒரு காரணம். நீங்கள் நீதிமன்றம் போகாமல் இருக்க முடிவது அப்படிப் போனவர்கள் பட்ட பாட்டால்தான் என்று நினைக்கிறேன்.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் 1994ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஊர் சந்தேகப்படுவதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. அந்த நினைவு ஊர்களில் இன்னும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் உங்கள் அறிக்கையில் முதுகுத்தண்டைப் பற்றி எழுதியிருக்கிறது, பாலினத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது. யாராவது புகார் கொடுத்தால் அதிகாரி பார்க்கப்போவது காகிதத்தைத்தான். ஸ்கேன் அறிக்கை, படங்கள், இரண்டாவது மருத்துவரின் கருத்து, மனைவி கையெழுத்திட்ட சம்மதப் படிவம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற இடத்தில் செய்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஊர் பேச்சுக்குப் பயந்து யாருக்கும் தெரியாமல் எங்காவது மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஐந்து மாதத்தில் வீட்டில் மாத்திரை போட்டு, நஞ்சுக்கொடி பாதியில் நின்று, ரத்தம் வடிய வடிய 108இல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை.

ரகசியம் பற்றியும் சட்டத்தில் இருக்கிறது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ விவரத்தையோ மருத்துவர் வெளியே சொன்னால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. மருத்துவமனையின் பதிவேட்டையும் கண்டவர்கள் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போன படத்துக்கு இந்தப் பிரிவு உதவாது, பக்கத்து வீட்டாரை அது கட்டாது. குழுவை நடத்துபவரிடம் நீங்களே நேரில் போய், ‘என் மனைவி பேரும் வயசும் அதில் இருக்கு, தயவுசெய்து எடுங்க’ என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். கிராம சுகாதார செவிலியர் வந்து கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள். உங்கள் மனைவியைக் கர்ப்பிணியாகப் பதிவு செய்தவர் அவர், என்ன ஆனது என்று எழுதுவது அவர் வேலை. முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிட்டால் அவரே உங்களுக்குத் துணையாக நிற்பார்.

உங்கள் அம்மா திருக்கருகாவூர் போக வேண்டும் என்கிறார், ‘சாமி குத்தம் ஆயிடும்’ என்று அழுகிறார் என எழுதியிருந்தீர்கள். போகட்டும். பிரசவ வார்டில் தலையணைக்கு அடியில் அந்தக் கோயில் விளக்கெண்ணெய் இல்லாத பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தலத்தின் கதையை அம்மாவுக்கு ஞாபகப்படுத்துங்கள். வேதிகை கர்ப்பமாக இருக்கிறாள், கணவன் வெளியே போயிருக்கிறான், உடம்பு தளர்ந்து படுத்திருக்கிறாள். வாசலில் பிச்சை கேட்டு வந்த முனிவருக்கு எழுந்து வர அவளால் முடியவில்லை. உள்ளே என்ன நிலைமை என்று தெரியாமலே அவர் சபித்துவிட்டார், கரு கலைந்தது. அம்பாள் வந்து நின்றது அந்தப் பெண் பக்கம். ஊரில் பேசுகிறவர்களுக்கும் முனிவர் மாதிரி வாசல்தான் தெரியும். அம்மா அவர்களோடு வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வந்து மருமகள் பக்கத்தில் உட்காரட்டும்.

ஊருக்குப் பதில் என்ன என்று கேட்டீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள், அது நீங்களாகவே இருங்கள். ஒரே வாக்கியம் போதும்: ‘குழந்தைக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் கிட்ட பார்த்துக்கிட்டு இருக்கோம்.’ யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும் அதே வாக்கியம். விளக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு கேள்வி முளைக்கும். ஏழாம் மாத வளைகாப்புக்குச் சொல்லியிருந்தால், சொன்னவர்களிடம் நீங்களே தள்ளிப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். அந்த வேலையை மனைவி தலையில் போடாதீர்கள். மூத்த மகளிடம் தெருவில் யாராவது ‘தம்பிப் பாப்பா எங்கே’ என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் நீங்கள் அவளிடம் பேசியிருக்க வேண்டும். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நம் வீட்டுக்கு வராமலும் போகலாம், அது யார் தப்பும் இல்லை என்ற அளவுக்குச் சொன்னால் போதும்.

கலைப்பது என்று அவர் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் முன்னால் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். இந்த மாதத்தில் பொதுவாக மாத்திரைகளால்தான் செய்வோம். முதல் மாத்திரை கொடுத்து ஒன்றிரண்டு நாள் கழித்து அடுத்தவை. பிறகு பிரசவ வலி போலவே வலி வரும், ஒரு நாள் முழுக்கக்கூட ஆகலாம். மருத்துவமனையில் தங்கித்தான் செய்ய வேண்டும். வலிக்கு மருந்து கேளுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவருடைய ரத்தம் நெகட்டிவ் பிரிவு என்றால் 72 மணி நேரத்துக்குள், அடுத்த குழந்தையைக் காக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையைப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா, எடுத்துக்கொண்டு போய்ப் புதைக்க விரும்புகிறீர்களா என்பதை வலி வருவதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லிவையுங்கள். அப்புறம், மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும். இதைத்தான் பெண்கள் எதிர்பார்ப்பதே இல்லை. குழந்தை இல்லாத மார்பில் பால் சுரப்பதைத் தாங்க முடியாமல் உடைந்துபோனவர்கள் உண்டு. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம், அதைச் செய்தாலும் சரி. பாலை நிறுத்த மாத்திரையும் இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பும் முன்பே எழுதித்தரச் சொல்லுங்கள். மனைவி தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார் என்றீர்கள். கருக்கலைப்புக்கும் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்புக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தால் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் பிரசவம் நடக்க வேண்டும். முதுகை மூடும் ஆபரேஷனை முதல் இரண்டு மூன்று நாளில் செய்தாக வேண்டும். பிரசவத்துக்கு முன்பே அந்த நிபுணரைப் பார்த்துப் பேசுங்கள், அவர் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்வார். குழந்தை மருத்துவம் என் துறை இல்லை. வளரும்போது உடற்பயிற்சி சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் வழி உண்டு, அலைச்சலும் உண்டு. அப்போதும் ஊர் பேசும், ‘தெரிஞ்சே பெத்தாங்களாம்’ என்று. இரண்டு வழியிலும் பேச்சு நிச்சயம் என்பதால், பேச்சை வைத்து முடிவெடுக்கவே முடியாது.

இது உங்கள் மனைவி சாப்பிட்டதாலோ, நடவுக்குக் குனிந்ததாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ வந்ததில்லை. பெரும்பாலும் ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. ஃபோலிக் அமிலக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, வலிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் வாய்ப்பைக் கூட்டும். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை. எந்த முடிவெடுத்தாலும் அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து, மருத்துவர் சொல்லும் கூடுதல் அளவு ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும். வழக்கமான அளவு உங்களுக்குப் போதாது.

நாளைக்குக் காலையிலேயே திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ கிளம்புங்கள். நீங்களும் அவரும் மட்டும் போங்கள், சித்தப்பா வேண்டாம். மருத்துவரிடம் உங்கள் மனைவியைத் தனியாகப் பேச விடுங்கள். மூன்றாம் மாதத்தில் எடுத்த முதல் ஸ்கேன் அறிக்கையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 19 நாளா, அதைவிடக் குறைவா என்பதை அதை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போடுவார்கள்.